செங்கல் இல்லை, மரம் இல்லை: செஞ்சி பக்கம் ஒரு நாள் பைக் பயணம்

சென்னையில இருந்து திருச்சி, மதுரைன்னு சொந்த ஊருக்குப் போற மக்கள் எல்லாருக்கும் திண்டிவனம் - விழுப்புரம் ரோடு அத்துப்படியா இருக்கும். வழுக்கிக்கிட்டுப் போற நாலுவழிச் சாலை. பஸ்ல ஏறினா பாதிப் பேர் அந்த இடத்துல தூங்கிட்டு இருப்பாங்க. அந்தத் தூக்கத்துல நமக்கு வலது கைப் பக்கம் என்னவெல்லாம் கடந்து போகுதுன்னு பார்க்க, ஒரு நாள் முழுக்க பைக்ல சுத்தினோம், நானும் நண்பனும். நாலுவழிச் சாலையைத் தொடவே கூடாதுங்கறதுதான் ஒரே கண்டிஷன். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

நண்பனைப் பத்தி ஒரு வார்த்தை. ஆள் சிவில் படிச்சவன், கட்டட வேலைதான் பொழப்பு. வரலாறுன்னா காத தூரம் ஓடுவான். "மச்சி, கோயிலைப் பார்த்தா கும்பிடணும், எதுக்கு அளந்து பார்க்கறே?"ன்னு கேக்கற டைப். ஆனா இந்தப் பதிவுல பாதி விஷயம் அவன் வாயில இருந்து வந்ததுதான். இனிமே அவன் பேரு 'இன்ஜினியர்'.

காலையில ஆறு மணிக்கு திண்டிவனத்துல டீ. ஸ்ப்ளெண்டர்ல ரெண்டு பேர். செஞ்சி ரோட்டைப் பிடிச்சு, கொஞ்ச தூரத்துலயே உள் ரோட்டுக்குத் திரும்பிட்டோம். ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, கரும்பு, மல்லாட்டை. தெக்கத்தி மக்களுக்காக ஒரு விளக்கம்: மல்லாட்டைன்னா நிலக்கடலை. மணிலாக்கொட்டைங்கற பேருதான் தேஞ்சு தேஞ்சு இப்படி ஆனதுன்னு சொல்வாங்க. தூரத்துல யாரோ உருண்டைக் கல்லை எல்லாம் கொண்டாந்து குவிச்சு வச்ச மாதிரி செஞ்சி மலைங்க. அந்த வெளிச்சத்துல பார்க்கணும், அப்பா!

மேல்சித்தாமூர்

முதல் நிறுத்தம் மேல்சித்தாமூர். தமிழ்நாட்டுல சமணம்னு சொன்னாலே நம்ம ஆளுங்க "அதெல்லாம் ஏழாம் நூற்றாண்டோட முடிஞ்சு போச்சே"ன்னு சொல்வாங்க. முடியலை சாமி. தமிழைத் தாய்மொழியா வச்சிருக்கற திகம்பர சமணர்கள் இன்னிக்கும் வட தமிழ்நாட்டு கிராமங்கள்ல இருக்காங்க. நயினார்னு பட்டம். பரம்பரையா பெரும்பாலும் விவசாயம். அவங்களோட தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கறது இந்த ஊர்லதான். பெரிய பார்சுவநாதர் கோயில், ராஜகோபுரம், தேர் எல்லாம் உண்டு. தூரத்துல இருந்து பார்த்தா சிவன் கோயிலோன்னு நினைச்சுடுவீங்க.

அதைவிடப் பழசு பக்கத்துல இருக்கற மலைநாதர் கோயில். ஒரு பெரிய பாறையில பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், தர்மதேவின்னு வரிசையா செதுக்கி இருக்காங்க. 9ம் நூற்றாண்டு வேலைன்னு சொல்றாங்க. பாறை முதல்ல, கோயில் அப்புறம். பாறையைச் சுத்தி மண்டபம் எழுப்பிட்டாங்க.

அங்க திண்ணையில இருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட பேச்சுக் கொடுத்தோம்.

"எந்த ஊர் தம்பி? செஞ்சிக் கோட்டை பார்க்க வந்தீங்களா?"

"இல்லைங்க ஐயா, திருநாதர்குன்று போறோம்."

மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "அங்க போறவங்க கம்மி தம்பி. போயிட்டு வாங்க. செருப்பைக் கீழயே விட்டுட்டு ஏறுங்க. அது எங்களுக்குக் கோயில்" அப்படின்னார். பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பாட்டை முடிச்சுடற பழக்கத்தை இந்த வயசுலயும் விடலைன்னு சொன்னார். இன்ஜினியருக்கு அதைக் கேட்டதுமே பசி எடுத்துடுச்சு.

57 நாள்

செஞ்சியைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை. 1677ல சிவாஜி பிடிச்சது, அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையை 1698 வரைக்கும் தாக்குப் பிடிச்சது, 1714ல தேசிங்கு ராஜா செத்தது எல்லாம் பதிவுலகத்துலயே நிறைய பேர் எழுதியாச்சு. 2025 ஜூலையில யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவ அரண்கள்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, அதுல தமிழ்நாட்டுல இருந்து செஞ்சி மட்டும்தான். ரொம்ப சந்தோஷம். நாங்க கோட்டையை ரோட்டுல இருந்தே பார்த்து ஒரு வணக்கம் போட்டுட்டு வடக்கே சிங்கவரம் ரோட்டுல திரும்பினோம்.

கொஞ்ச தூரத்துலயே திருநாதர்குன்று. பெரிய மலை எல்லாம் இல்லை. ஏறினா ஒரு பாறை முகத்துல 24 தீர்த்தங்கரர்களும் இருக்காங்க. மேல 12, கீழ 12, ரெண்டு வரிசை. எல்லாரும் உக்காந்த கோலம். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே மாதிரி. பார்த்துக்கிட்டே இருந்தா பேசத் தோணாது.

நான் போனது அதுக்காக மட்டும் இல்லை. பக்கத்துல ஒரு பாறையில சின்னதா ஒரு கல்வெட்டு. சந்திரநந்திங்கற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட இடம் இதுன்னு சொல்லுது. விஷயம் அவ்வளவுதான். ராஜா பேரு இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை, நிலம் கொடுத்த கணக்கும் இல்லை. பொதுவா 6ம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. சமணர்கள் இதை சல்லேகனைன்னு சொல்வாங்க. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதை படிச்சவங்களுக்கு இந்தப் பழக்கம் புதுசா தெரியாது. இதே குன்றுல பிற்காலத்துல இன்னொரு துறவி 30 நாள் நோன்பிருந்ததுக்கும் கல்வெட்டு உண்டு.

தமிழ் பேசற நமக்கு இன்னொரு சங்கதி. அந்தக் கல்வெட்டு 'ஐம்பத்தேழு'ங்கற எண்ணுலதான் ஆரம்பிக்குது. 'ஐ'ங்கற உயிரெழுத்தோட வரிவடிவம் நமக்கு முதன்முதலா கிடைக்கறது இந்தப் பாறையிலதான்னு கல்வெட்டு அறிஞர்கள் சொல்றாங்க. தினமும் கீபோர்டுல 'ஐ' தட்டறோமே, அதோட ரொம்பப் பழைய வடிவம் ஒண்ணு, ஒரு மனுஷன் எத்தனை நாள் பட்டினி கிடந்தார்னு சொல்றதுக்காக வெட்டப்பட்டது.

இன்ஜினியர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "57 நாள் பக்கத்துல யாரோ இருந்து எண்ணியிருக்காங்க மச்சி"ன்னான். எனக்கு அது தோணவே இல்லை பாருங்க. உளி வேலைக்குக் கூலி கொடுத்ததும் அவங்களாத்தான் இருக்கணும்.

கோட்டை வாசல்ல டிக்கெட் கவுண்டர், இளநீர்க் கடை, ஸ்கூல் பசங்க வந்த பஸ்ஸுன்னு ஜே ஜேன்னு இருந்தது. இந்தக் குன்றுல நாங்க இருந்த ஒரு மணி நேரத்துல எங்களைத் தவிர ரெண்டு ஆடு. கோட்டையை விட நூத்துக்கணக்கான வருஷம் பழைய எழுத்து இங்க இருக்கு.

விசித்திரசித்தன்

செஞ்சியில ரெண்டு ரெண்டு பரோட்டாவை உள்ள தள்ளிட்டு தெக்கே விழுப்புரம் ரோட்டைப் பிடிச்சோம். பாதி தூரத்துல மண்டகப்பட்டு. ஊரை ஒட்டி ஒரு பாறை. அதுல வடக்குப் பார்த்த ஒரு குடைவரை. ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு வாயில்காவலர்கள், ஆளு நல்ல வாட்டசாட்டம். உள்ள கனமான சதுரத் தூண்கள், நடுவுல மட்டும் எட்டுப்பட்டை. பின்சுவர்ல மூணு அறை. மூணும் காலி.

இதை வெட்டினவர் முதலாம் மகேந்திரவர்மன். 7ம் நூற்றாண்டோட ஆரம்பம். பல்லவர் குடைவரைகள்ல இதுதான் முதல்னு பொதுவா சொல்றாங்க. காரணம் இங்க இருக்கற சமஸ்கிருதக் கல்வெட்டு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்த மன்னன் இந்தக் கோயிலை உண்டாக்கினான்னு அது சொல்லுது. விசித்திரசித்தன்னா வித்தியாசமா யோசிக்கறவன். தனக்குத் தானே பட்டம் வச்சுக்கறதுல நம்ம அரசியல்வாதிங்களுக்கெல்லாம் மகேந்திரன்தான் முன்னோடி :-) ஆனா இந்தப் பட்டத்துக்கு ஆள் தகுதியானவர்தான். மத்தவிலாசப் பிரகசனம்னு ஒரு நையாண்டி நாடகமே எழுதினவர் ஆச்சே.

அந்தக் கல்வெட்டைத் திருப்பிப் படிச்சா, அதுவரைக்கும் கோயில் எல்லாம் எதுல கட்டினாங்கன்னு தெரிஞ்சுடும். செங்கல், மரம், உலோகம், சுதை. மட்கிப் போறது, கரையான் அரிக்கறது, மழையில கரையறது. அந்தக் கோயில்கள்ல கிட்டத்தட்ட எதுவுமே நமக்குக் கிடைக்கலை. மகேந்திரன் நாலையும் தூக்கிப் போட்டுட்டு மலையைத் தேடி வந்தார். அதனாலதான் 1400 வருஷம் கழிச்சு ரெண்டு பேர் ஸ்ப்ளெண்டர்ல வந்து பார்க்க முடியுது.

இங்கதான் இன்ஜினியர் உயிர் பெற்றான். தூணைத் தட்டிப் பார்த்தான், மேல பார்த்தான், ஓரமா உக்காந்து கண்ணை ஓட்டினான்.

"மச்சி, இது கட்டினது இல்லை. கழிச்சது. நாங்க பேஸ்மட்டத்துல ஆரம்பிச்சு மேல போவோம். இவங்க மேல ஆரம்பிச்சு கீழ வந்திருக்காங்க. தூணை நிறுத்தவே இல்லை, விட்டு வச்சிருக்காங்க. ஒரு இடத்துல உளி கூடுதலா இறங்கிட்டா ஒட்டுப் போட முடியாது. எஸ்டிமேட்ல தப்புக்கு இடமே இல்லை."

மாமல்லபுரத்துல முடிக்காம விட்ட குகைகள்ல இந்த வேலை எப்படி நடந்ததுன்னு பார்க்கலாம். பாறை முகத்துல சதுரம் சதுரமா கோடு போட்டு, கோட்டைப் பள்ளமாக்கி, நடுவுல நிக்கற கட்டியைத் தட்டி எடுக்கணும். அப்புறம் அடுத்த அடுக்கு. எங்க ஊரு கல் சும்மா இல்லை. உளியைத் திருப்பி அடிக்கற கருங்கல்.

அங்கிருந்து ஒத்தையடிக்குக் கொஞ்சம் பெரிய ரோட்டுல தளவானூர். இதுவும் மகேந்திரன் வேலைதான். சத்ருமல்லேஸ்வரம்னு பேரு. சத்ருமல்லன் அவரோட இன்னொரு பட்டம். மண்டகப்பட்டு மொட்டையா இருக்குன்னா இங்க அழகுபடுத்தி இருக்கார். முகப்புத் தூண்களுக்கு மேல மகர தோரணம். முகப்பு தெக்கே பார்த்திருக்கு, உள்ள கருவறை மட்டும் கிழக்கே பார்த்திருக்கு. ஒரே ஆள், சில மைல் தூரத்துல, இன்னொரு முயற்சியில எவ்வளவு கத்துக்கிட்டார்னு பைக்லயே போய்ப் பார்க்கலாம். வகுப்புல எத்தனை வருஷம் உக்காந்தாலும் இது கிடைக்காதுங்க.

பாதி மலை

இனிமே சொல்லப் போறது சந்தோஷமான விஷயம் இல்லை.

வழியில ஒரு மலை. சரியாச் சொன்னா ஒரு பாதி மலை. இன்னொரு பாதி இருந்த இடத்துல பெரிய பள்ளம், அடியில பச்சைத் தண்ணி. பக்கத்துல கிரஷர் ஓடுது. ரோட்டோரத்துப் புளியமரம் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்து நிக்குது. எதிர்ல வர்ற டிப்பர் லாரிக்கு வழி விட்டு மண்ணுல இறங்கினோம். மூக்கு, வாய் எல்லாம் புழுதி.

நான் கொஞ்சம் சூடாவே பேசிட்டேன். இப்படி மலையைத் தின்னுக்கிட்டே இருந்தா என்னடா மிஞ்சும்னு. இன்ஜினியர் வண்டியை ஓரம் கட்டிட்டுத் திரும்பினான்.

"நீ குடியிருக்கற வீடு எதுல கட்டினது? ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி எல்லாம் மரத்துல காய்க்குதா? கான்கிரீட்டோட கன அளவுல 60ல இருந்து 75 சதவீதம் ஜல்லியும் மணலும்தான். ஆத்து மணல் அள்ளாதேன்னு நீங்கதான் பதிவு போட்டீங்க. சரின்னு எம்-சாண்டுக்கு வந்தோம். எம்-சாண்ட் எங்கேருந்து வருது? அதுவும் மலைதான். முன்னாடி ஜல்லிக்கு மட்டும் மலை, இப்ப மணலுக்கும் மலை. நீ வேணாம்னு ஒதுக்கின நாலுவழிச் சாலை இருக்கே, அதுவும் எங்கயோ நின்ன மலைதான்."

பதில் சொல்ல முடியலை. அவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. மகேந்திரன் மரத்தையும் செங்கல்லையும் விட்டுட்டு நிரந்தரமா ஏதாவது வேணும்னு கல்லுக்கு வந்தார். நாமளும் நிரந்தரமா வீடு வேணும்னுதான் கல்லுக்கு வந்திருக்கோம். அவருக்கு உளி. நமக்கு வெடியும் கிரஷரும்.

சட்டம் இருக்கான்னா இருக்கு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள கட்டடமோ குவாரியோ கூடாது. அதுக்கு வெளிய இன்னும் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் செய்யணும். 1992லயே வந்த எல்லை இது. 2010ல சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கினாங்க. நல்லதுதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, மொத்தம் 300 மீட்டர். பைக்ல அரை நிமிஷம் கூட ஆகாது. பட்டியல்லயே இல்லாத பாறைக்கு அந்த 300 மீட்டரும் கிடையாது. சந்திரநந்தி கல்வெட்டு மாதிரி ரெண்டு வரி எழுத்து இன்னும் எந்தக் குன்று மேல இருக்கோ? யாரும் ஏறிப் பார்க்காத குன்றுன்னா, குத்தகை விடறவங்க கண்ணுக்கு அது வெறும் கல்லு.

மதுரைப் பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கும். கிரானைட் விவகாரம் 2012ல வெடிச்சு, 2014ல சென்னை உயர்நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை விசாரணைக்கு நியமிச்சது. அதே மேலூர் வட்டாரத்துலதான் அரிட்டாபட்டி. தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரை சிவன் கோயில் எல்லாம் ஒரே மலையில. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. ரெண்டே வருஷத்துல, 2024ல, டங்ஸ்டன் சுரங்க ஏலப் பகுதிக்குள்ள அந்த ஊரும் வந்துடுச்சு. சுத்துப்பட்டு ஊரெல்லாம் திரண்டு நின்னதுக்கு அப்புறம் 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அறிவிப்புப் பலகை மலையைக் காப்பாத்தலை. மலையில என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஊர்க்காரங்க காப்பாத்தினாங்க.

பனமலை

இந்த வட்டாரத்துல எண்ணாயிரம்னு ஒரு ஊர் இருக்கு. இன்னிக்குப் பார்த்தா சாதாரண கிராமம். 11ம் நூற்றாண்டுல ராஜேந்திர சோழன் காலத்துல அங்க ஒரு கல்லூரி. 270 இளநிலை மாணவர்கள், 70 மேல்நிலை மாணவர்கள், 14 ஆசிரியர்கள். யாருக்கு தினம் எவ்வளவு நெல்லுங்கறது வரைக்கும் கோயில் கல்வெட்டுல இருக்கு. சொல்லிக் கொடுத்தது வேதமும் இலக்கணமும் மீமாம்சையும். எல்லாருக்கும் கதவு திறந்த பள்ளிக்கூடம் இல்லைங்கறதையும் சேர்த்துச் சொல்லிடணும். ஆனாலும் 340 பேர் தங்கிப் படிச்ச ஊருக்கு எத்தனை வண்டி நெல்லு வந்து இறங்கியிருக்கும்! நாம சந்து ரோடுன்னு நினைக்கற ரோடெல்லாம் அப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன்.

பனமலை போய்ச் சேர்றப்போ மணி நாலரை. கடல் மாதிரி ஒரு ஏரி. ஏரிக்கரையை ஒட்டி சின்ன மலை. மலை மேல செம்மண் நிறத்துல கல் கோயில். தாளகிரீஸ்வரர் கோயில். தாளம்னா சமஸ்கிருதத்துல பனை, கிரின்னா மலை. நம்ம பனமலையை அப்படியே மொழிபெயர்த்து சாமிக்குப் பேரு வச்சுட்டாங்க.

கட்டினவர் ராஜசிம்ம பல்லவன், காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டினவரேதான். மகேந்திரனுக்கு எள்ளுப் பேரன். மண்டகப்பட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஏறக்குறைய நூறு வருஷம். எள்ளுப் பாட்டன் பாறையைக் கழிச்சார், இவர் கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டிட்டார். "இப்பதான்டா பேஸ்மட்டத்துல ஆரம்பிச்சிருக்காங்க"ன்னு இன்ஜினியருக்கு ஒரே சிரிப்பு. காலையில இருந்து அவன் கேட்ட கேள்விக்கு எல்லாம் பதில் ஒரே நாள்ல, ஒரே பெட்ரோல்ல கிடைச்சிடுச்சு.

பக்கவாட்டுல இருக்கற சின்ன சன்னதி ஒண்ணுல பார்வதி ஓவியம். 8ம் நூற்றாண்டுச் சாயம். தலையில கிரீடம், மேல குடை, ஒரு காலை மடிச்சு லேசா சாஞ்ச நிலை, கண்ணுல பாதி சிரிப்பு. எதிர்ல சிவன் ஆடறதைப் பார்த்துக்கிட்டு நிக்கறா. சிவன் ஓவியம் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, வெறும் கோடுங்கதான் மிச்சம். ஆட்டம் போயிடுச்சு, பார்க்கற பார்வை மட்டும் 1300 வருஷமா அப்படியே இருக்கு.

ஏரிக்கரையில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க எங்களையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"இன்னா தம்பி, போட்டோ புடிக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா. மேல அம்மன் படம் இருக்கே, பார்த்திருக்கீங்களா?"

"பாக்காம? சின்னப் புள்ளயில மழைக்கு அங்கதான் ஒதுங்குவோம். அவ மூஞ்சியில கைய வைக்கக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்லும்."

இந்த ஒரு பதிவு எழுதறதுக்கு எனக்கு அந்த ஒரு வரி போதும். சட்டம் போட்ட 100 மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆயா போட்டதும் ஒரு எல்லைதான். 1300 வருஷத்துல எத்தனை ஆயாக்கள் எத்தனை பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கணும்!

மக்களே, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க ஊருக்குப் பக்கத்துலயும் ஒரு சின்னக் குன்று இருக்கும். அதுல பஞ்சபாண்டவர் படுக்கைன்னோ, சாமியார் குகைன்னோ ஏதாவது ஒரு பேரு ஒட்டிக்கிட்டிருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க. போட்டோ எடுங்க. ஊர்ப் பெரியவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதி, குன்று எந்த ஊர்ல, எந்தப் பக்கம் இருக்குன்னு தெளிவா போடுங்க. நாளைக்கு யாராவது அங்க வெறும் கல்லுதான் இருக்குன்னு காகிதத்துல எழுதினா, எடுத்துக் காட்ட நம்ம கையில ஏதாவது இருக்கணும்.

இன்ஜினியர் தரப்புல இருந்தும் ஒரு சேதி. இப்பல்லாம் இடிக்கற பழைய கட்டடத்துக் கான்கிரீட்டை உடைச்சுத் திரும்ப ஜல்லியா பயன்படுத்த வழி இருக்காம். நிறைய பேர் கேட்டா விலை இறங்கும்னு சொல்றான். வீடு கட்டப் போறவங்க உங்க மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க.

பி.கு: போற ஐடியா இருந்தா மார்கழி, தை மாசம் உத்தமம். சித்திரையில போனா பாறை மேல ஆம்லெட்டே போடலாம். மண்டகப்பட்டு வடக்குப் பார்த்தது, ஃப்ளாஷ் இல்லாம படம் எடுக்கப் பொறுமை வேணும். பனமலை ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காதீங்க, கையும் வைக்காதீங்க. ஆயா திட்டும்.